ராத்திரி பத்து நிமிஷம்... காலையில அஞ்சு நிமிஷம்!

'சாப்பிட்டியா?'னு வீட்ல கேட்டா 'காலேஜ் கேண்டீன்ல பாத்துக்கறேன்'னு சொல்றது. கேண்டீன்ல ஃப்ரெண்டு கேட்டா 'வீட்லயே முடிச்சிட்டேன் மச்சி'னு சொல்றது. ரெண்டு பக்கமும் டபுள் கேம் ஆடுற கில்லாடிங்களா நீங்க? அப்போ இந்தப் பக்கம் உங்களுக்குத்தான். அட்வைஸ்னு பயந்து அடுத்த பக்கத்துக்குத் தாவிடாதீங்க பாஸ். உங்ககிட்ட நாங்க கேட்கப்போறது ராத்திரியில பத்து நிமிஷம், காலையில அஞ்சு நிமிஷம். அவ்வளவுதான்!

முதல்ல ஒரு சின்னக் கணக்கு. ராத்திரி எட்டரைக்கு சாப்பிட்டு, காலையில கட் அடிச்சு, மதியம் பன்னிரண்டரைக்கு லஞ்ச் பாக்ஸைத் திறந்தா மொத்தம் 16 மணி நேரம். விரதம்னு பேர் வைக்காமலேயே தினமும் ஒரு விரதம்! நம்ம உடம்பு எடையில மூளையோட பங்கு வெறும் 2 சதவிகிதம்தான். ஆனா உடம்பு செலவழிக்கிற சக்தியில சுமார் 20 சதவிகிதத்தை அது தனியா சாப்பிட்டுடும். நாம தூங்கினாலும் அது தூங்காது. ராத்திரி முழுக்கக் கல்லீரல்ல இருக்கிற சர்க்கரைச் சேமிப்பை எடுத்து ஓட்டிக்கிட்டே இருக்கும். காலையில புது ஸ்டாக் வரலைன்னா உடம்பு வேற வழியில சமாளிச்சுக்கும்தான். ஆனா, செகண்ட் அவர்ல வர்ற கொட்டாவிக்கும் எரிச்சலுக்கும் எல்லாப் பழியையும் புரொபசர் மேல போடுறது நியாயமா?

ரத்தத்துல ஒரு அரியர்!

சிரிச்சது போதும், ஒரு சீரியஸ் மேட்டர். 2019-21ல நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு என்ன சொல்லுது தெரியுமா? இந்தியாவுல 15-லேர்ந்து 19 வயசு வரைக்கும் இருக்கிற பொண்ணுங்கள்ல நூத்துக்கு 59 பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டுல 15-லேர்ந்து 49 வயசுப் பெண்களை எடுத்துக்கிட்டா நூத்துக்கு 53 பேர். அதாவது, உங்க கிளாஸ்ல பொண்ணுங்க உட்காருற ஒரு பெஞ்சுல நாலு பேர்னா, அதுல ரெண்டு பேருக்கு இருக்க வாய்ப்பு இருக்கு. வீட்ல எல்லாருக்கும் பரிமாறிட்டுக் கடைசியா ஒரு காபியோட நிறுத்திக்கிற அம்மாவும் இந்தக் கணக்குலதான் வர்றாங்க.

மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குது, அடிக்கடி தலை சுத்துது, எவ்வளவு தூங்கினாலும் அசதி போகலைன்னா 'சோம்பேறி'னு உங்களுக்கு நீங்களே பட்டம் கொடுத்துக்காதீங்க. ஒரு ஹீமோகுளோபின் டெஸ்ட் எடுத்துப் பாருங்க. பெண்களுக்கு 12 கிராமுக்கும் ஆண்களுக்கு 13 கிராமுக்கும் கீழே இருந்தா ரத்தசோகை. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துலேயே இந்த டெஸ்ட்டை எடுக்கலாம். குறைவா இருந்தா டாக்டர்கிட்ட போங்க. மாத்திரை வேணுமா வேண்டாமான்னு அவர் சொல்லட்டும். காலைச் சாப்பாடு மட்டுமே இதையெல்லாம் சரி பண்ணிடாது. ஆனா தினமும் ஒரு வேளையை முழுசா விட்டுட்டா, அந்தச் சத்தை மீதி ரெண்டு வேளையில பிடிக்கிறது கஷ்டம்.

வாண்டுங்களைப் பாத்துக் கத்துக்கோங்க!

2022 செப்டம்பர் 15-ம் தேதி மதுரையில முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கினாங்க. அரசுத் தொடக்கப் பள்ளியில ஒண்ணாம் வகுப்புலேர்ந்து அஞ்சாம் வகுப்பு வரைக்கும் படிக்கிற குழந்தைகளுக்கு உப்புமா, கிச்சடி, பொங்கல்னு ஒவ்வொரு நாளைக்கு ஒரு ஐட்டம். அதுல கவனிக்க வேண்டிய விஷயம், கூடவே ஊத்துற காய்கறி சாம்பார். ரவையோ அரிசியோ சக்தி கொடுக்கும், பருப்பு புரதம் கொடுக்கும், காய் மத்த சத்துக்களைக் கொடுக்கும். மூணும் ஒரே தட்டுல!

நமக்கும் ஃபார்முலா அதேதான். ஒரு தானியம், ஒரு பருப்பு வகை அல்லது முட்டை, ஒரு காய் அல்லது பழம். இந்த மூணும் தட்டுல இருந்தா பாஸ். வெறும் பிரெட் ஜாம், வெறும் பிஸ்கட் டீயெல்லாம் ஒரு பேப்பர் மட்டும் எழுதிட்டு ஆல் கிளியர்னு சொல்ற மாதிரி.

புரதத்துக்கு ஒரு கணக்கு சொல்றோம். பெரியவங்களுக்கு ஒரு கிலோ எடைக்கு தினமும் 0.83 கிராம் புரதம்னு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சொல்லுது. 55 கிலோ எடைன்னா சுமார் 46 கிராம். ஒரு முட்டையில 6 கிராம், ஒரு கைப்பிடி நிலக்கடலையில 7 கிராம், அரை சின்ன டம்ளர் பச்சைப்பயறுல சுமார் 12 கிராம் கிடைக்கும். நாலு பிஸ்கட்ல ரெண்டு கிராம் தேறினாலே பெரிய விஷயம்!

கோட்டை விடுறது காலையில இல்ல!

'டைம் இல்ல'ங்கிறதுதான் எல்லாரும் சொல்ற காரணம். நிஜம்தான். ஏழே காலுக்கு எழுந்து ஏழே முக்காலுக்கு பஸ் பிடிக்கிற ஆளுக்கு வெங்காயம் நறுக்க எங்கே நேரம்? ஆனா ராத்திரி? 'இன்னும் ஒரே ஒரு வீடியோ'னு சொல்லிக்கிட்டு செல்போனைத் தள்ளிக்கிட்டிருக்கிற அந்த நேரத்துல பத்தே நிமிஷத்தைக் கடன் வாங்குங்க. ஊற வைக்கிறது, நறுக்குறது, வேக வைக்கிறது எல்லாம் ராத்திரி வேலை. காலையில கலந்து சாப்பிடுறது மட்டும்தான் வேலை. டைம்டேபிள் ரெடி!

திங்கள் – முட்டை தோசை: வீட்ல மாவு இருக்கா? ராத்திரியே ஒரு கேரட்டைத் துருவி, ஒரு வெங்காயத்தைப் பொடியா நறுக்கி மூடி ஃப்ரிட்ஜ்ல வைங்க. காலையில கல்லுல மாவை ஊத்தி, மேலே ஒரு முட்டையை உடைச்சுப் பரப்பி, கேரட், வெங்காயம், கொஞ்சம் மிளகுத்தூள் தூவி, திருப்பிப் போட்டு எடுங்க. சட்னியே தேவையில்ல. சைவமா? முட்டைக்குப் பதிலா பருப்புப்பொடியும் நல்லெண்ணெயும்.

செவ்வாய் – முளைப்பயறு: திங்கட்கிழமை காலேஜ் கிளம்பும்போதே அரை டம்ளர் பச்சைப்பயறை ஊறப் போட்டுடுங்க. ராத்திரி தண்ணியை வடிச்சு ஈரத்துணியில கட்டி வைங்க. காலையில முளை எட்டிப் பார்க்கும். இட்லித் தட்டுல அஞ்சு நிமிஷம் ஆவியில வைங்க. பச்சையா சாப்பிடுறதைவிட வயித்துக்கு இது பாதுகாப்பு. தக்காளி, வெங்காயம், உப்பு, எலுமிச்சம்பழம் பிழிஞ்சா சூப்பர். கூட ஒரு இட்லியோ சப்பாத்தியோ போதும்.

புதன் – தயிர் அவல்: அடுப்பே வேண்டாம். மெல்லிசு அவலைத் தண்ணியில அலசிப் பிழிஞ்சு, தயிர், உப்பு, வறுத்த நிலக்கடலை, மாதுளையோ வாழைப்பழமோ சேர்த்தா மூணே நிமிஷம். இனிப்புப் பிரியர்களுக்கு பால், கொஞ்சம் வெல்லம், தேங்காய்த் துருவல்.

வியாழன் – ராகிக் கூழ்: 'அய்யே, கூழா?'னு முகத்தைச் சுளிக்காதீங்க. 100 கிராம் கேழ்வரகுல சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கு. அதே அளவு பால்ல சுமார் 120தான். ராத்திரியே மாவைக் கட்டியில்லாம கரைச்சு, கிளறிக் காய்ச்சி, ஆற வெச்சு மூடிடுங்க. காலையில மோரும் உப்பும் போட்டுக் கரைச்சு, சின்ன வெங்காயத்தைக் கடிச்சுக்கிட்டுக் குடிச்சா ரெண்டு நிமிஷம். பாட்டில்ல ஊத்தி பஸ்லயே குடிச்சுட்டுப் போகலாம்.

வெள்ளி – சப்பாத்தி ரோல்: ராத்திரி சப்பாத்தியில ரெண்டை எடுத்து வைங்க. காலையில முட்டைப் பொடிமாஸோ பனீரோ மீந்த சுண்டலோ உள்ளே வெச்சு, வெள்ளரிக்காய் ரெண்டு துண்டு போட்டுச் சுருட்டுங்க. ஃபாஸ்ட்ஃபுட் கடையில இதுக்குப் பேர் ரோல். நம்ம வீட்ல இதுக்குப் பேர் மிச்சம்!

சனி – பழைய சோறு: ராத்திரி மிஞ்சின சோறு ஆறினதும் தண்ணி ஊத்தி மூடி வைங்க. காலையில மோர், உப்பு, சின்ன வெங்காயம், தொட்டுக்க நிலக்கடலைத் துவையல். சகலரோக நிவாரணின்னெல்லாம் பில்டப் வேண்டாம். வயித்துக்கு இதமான, செலவில்லாத சாப்பாடு, அவ்வளவுதான். கெட்ட வாடை அடிச்சாலோ நூல் விட்டாலோ தயங்காம கொட்டிடுங்க.

ஞாயிறு? லீவு. ஆனா உங்களுக்கில்ல, அம்மாவுக்கு! அது ஏன்னு கடைசியில சொல்றோம்.

ஹாஸ்டல் மக்களே...

உங்க கஷ்டம் புரியுது. அடுப்பு வைக்க முடியாது, மெஸ் கதவைச் சாத்திட்டா யாரையும் கெஞ்சவும் முடியாது. அதனால உங்களுக்கு ஒரு எமர்ஜென்சி டப்பா. பெரிய டப்பா ஒண்ணு வாங்கி அவல், பொட்டுக்கடலை, வறுத்த நிலக்கடலை, பேரீச்சம்பழம் நாலையும் தனித்தனி பாக்கெட்டா உள்ளே போட்டு டைட்டா மூடி வைங்க. மெஸ் மிஸ் ஆன அன்னிக்கு ஆளுக்கு ரெண்டு கைப்பிடி, ஒரு வாழைப்பழம். கதை முடிஞ்சது. 2020-ல புவிசார் குறியீடு வாங்கின கோவில்பட்டி கடலைமிட்டாயும் டப்பாவுல இருக்கலாம். ஆனா அதுல வெல்லப்பாகும் இருக்கு, அதனால ஒண்ணு ரெண்டோட நிறுத்திக்கோங்க.

மெஸ்ல சாப்பிடுற நாள்ல ஒரு சின்ன ட்ரிக். இட்லி கூடவா, சாம்பார் கூடவான்னு கேட்டா சாம்பாருக்குக் கை நீட்டுங்க. அடியில இருக்கிற பருப்பும் காயும் உங்க தட்டுக்கு வரணும்.

டீ, டயட், டம்பிள்ஸ்!

சாப்பிட்ட கையோட டீ, காபி குடிக்கிற வழக்கம் இருக்கா? அதுல இருக்கிற சில பொருட்கள், பயறு, கீரை மாதிரி உணவுல இருக்கிற இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்க விடாம மறிக்கும். ஒரு மணி நேரம் கழிச்சுக் குடிங்க. இதுக்கு நேர் எதிர் வைட்டமின் சி. அது இரும்புச்சத்துக்குக் கதவைத் திறந்துவிடும். எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா... காலேஜ் வாசல்ல விக்கிற கொய்யாவுல ஆரஞ்சைவிட வைட்டமின் சி பல மடங்கு அதிகம். நல்லா கழுவிட்டுச் சாப்பிடுங்க.

'காலையில சாப்பிடலைன்னா ஒல்லியாகிடுவேன்'னு கணக்குப் போடுறீங்களா? எடையை முடிவு பண்றது நாள் முழுக்க எவ்வளவு, என்ன சாப்பிடுறோம்ங்கிறதுதான். காலையில தோசையை மிச்சம் பிடிச்சுட்டு, பதினோரு மணிக்கு ரெண்டு பப்ஸும் ஒரு கூல்டிரிங்க்ஸும் உள்ளே தள்ளினா அந்தக் கணக்கு எங்கே டேலி ஆகும்?

ஜிம் பசங்களுக்கு... டம்பிள்ஸைத் தூக்குறதுக்கு முன்னாடி முட்டையையும் சுண்டலையும் தூக்குங்க. மூணு வேளையும் ஒழுங்கா சாப்பிட்டுட்டு, அப்புறமா அந்தக் காஸ்ட்லி பவுடர் நிஜமாவே தேவையான்னு யோசிக்கலாம்.

கடைசியா, அந்த ஞாயிற்றுக்கிழமை!

உங்க வீட்ல காலையில அஞ்சு மணிக்கு எழுந்து இட்லி வேக வைக்கிறது யாரு? எல்லாரும் கிளம்பின பிறகு அவங்க என்ன சாப்பிடுறாங்கன்னு என்னிக்காவது பாத்திருக்கீங்களா? மிஞ்சின ரெண்டு இட்லி, பாதி டம்ளர் காபி. மிஞ்சலைன்னா அந்தக் காபி மட்டும். நூத்துக்கு 53ங்கிற அந்த நம்பர் எங்கேயோ இல்ல, நிறைய வீடுகள்ல அது நம்ம அடுப்படியிலேயே நிக்குது.

அதனால வாரத்துல ஒரு நாள் அடுப்படி உங்க கையில. பசங்களா, இது உங்களுக்கும் சேர்த்துத்தான். 'எனக்கு சமைக்கத் தெரியாது'ங்கிற டயலாக் இங்கே செல்லாது. பயறை ஊறப் போடவும் தோசை மேல முட்டையை உடைக்கவும் எந்த டிகிரியும் தேவையில்ல. தட்டுல போட்டு முதல்ல அம்மாவை உட்கார வைங்க. சூடா இருக்கும்போதே அவங்க சாப்பிட்டு எவ்வளவு நாள் ஆச்சுன்னு அவங்களே சொல்லுவாங்க.

எங்கேர்ந்து ஆரம்பிக்கிறதுன்னு யோசனையா? இன்னிக்கு ராத்திரி தூங்கப் போறதுக்கு முன்னாடி ஒரு டம்ளர் பச்சைப்பயறை ஊறப் போடுங்க. காலையில குக்கர்ல ரெண்டு விசில், கடுகு தாளிச்சா சுண்டல் ரெடி. உங்களுக்கு ஒரு கிண்ணம், அம்மாவுக்கு ஒரு கிண்ணம். பஸ்ஸையும் பிடிச்சுடலாம்!