காசுக்கு வாங்கும் வெயில்

மொன்றியல் தெருக்களில் 'புறொன்ஸாஜ்' என்று எழுதிய பெயர்ப்பலகையைக் கண்டால் எம்மவர் சிரித்துவிட்டுப் போவது வழக்கம். வெள்ளைக்காரர் கறுப்பதற்குக் காசு கொடுக்கிறார்கள், நாங்கள் வெளுப்பதற்குக் கொடுக்கிறோம் என்ற பகிடியும் பழசாகிவிட்டது. ஆனால் பகிடிக்கு அப்பால் ஒரு கேள்வி இப்போது எம்மிடையே கேட்கிறது. "இரத்தத்தில் விற்றமின் டி குறைவு என்று டொக்டர் சொல்கிறார். வெளியில் வெயிலே இல்லை. அந்தக் கட்டிலில் பத்து நிமிடம் படுத்தெழும்பினால் என்ன?"

கேட்பவரைப் பேதை என்று தள்ளிவிட முடியாது. வெயிலால் தோலில் விற்றமின் டி உண்டாகிறது என்பது உண்மை. மொன்றியலில் மாதக்கணக்காக அந்த வெயில் இல்லை என்பதும் உண்மை. எமக்குத் தெற்கேயுள்ள பொஸ்ரனில் செய்யப்பட்டு 1988இல் வெளியான ஆய்வு, நவம்பர் தொடக்கம் பெப்ரவரி வரை அங்குள்ள சூரிய ஒளியால் தோலில் இந்த விற்றமின் உண்டாவதில்லை என்று காட்டியது. பொஸ்ரனுக்கே அப்படியென்றால் எமது கதை வேறாக இராது. போதாததற்கு, கறுத்த தோலிலுள்ள மெலனின் கதிர்களை உறிஞ்சிவிடுவதால், வெள்ளைத் தோல் சில நிமிடங்களில் செய்வதைச் செய்ய எமது தோலுக்குப் பல மடங்கு நேரம் வேண்டும். இரவு வேலைக்குப் போய்ப் பகலில் உறங்குபவருக்குக் கோடை வெயிலும் கிடைப்பதில்லை.

இந்த இடத்தில்தான் படுக்கையின் உட்புறத்தைக் கொஞ்சம் திறந்து பார்க்கவேண்டும். அதிலுள்ளவை எமது குசினியில் எரியும் குழல் விளக்கின் உறவினர்தான். குழாய்க்குள் இரச ஆவி, உட்சுவரில் ஒரு பூச்சு. குசினி விளக்கின் பூச்சு வெளிச்சம் தருகிறது. இதிலுள்ள பூச்சு கழியூதாக் கதிரைத் தருகிறது. கழியூதாக் கதிரில் எமக்கு வேண்டியவை இரண்டு வகை: நீண்ட அலைகொண்ட 'ஏ', குறுகிய அலைகொண்ட 'பி'. விற்றமின் டியை உண்டாக்குவது 'பி'. தோலில் ஏற்கனவே உள்ள மெலனினை விரைவில் கறுக்கச் செய்வது 'ஏ'. கட்டில்காரர் விற்பது நிறம். ஆகவே அவருடைய குழாய்கள் பெரும்பாலும் 'ஏ'யையே கொட்டுகின்றன. 'பி' நூற்றுக்குச் சில பங்குதான். ஆற்றல் கூடிய சில கட்டில்களின் 'ஏ' நடுப்பகல் வெயிலிலுள்ளதைவிடப் பத்துப் பதினைந்து மடங்கு. (யன்னல் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து வெயில் காய்வதும் ஏறக்குறைய இதே வியாபாரம்தான். கண்ணாடி 'பி'யை மறித்து 'ஏ'யை விடுகிறது.)

சுருங்கச் சொன்னால், தேடிப்போன பொருள் சொற்பம், கூடவே வருவது புற்றுநோய் ஆபத்து. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு நிலையம் 2009இல் இக்கட்டில்களைப் புகையிலை இருக்கும் அதே முதலாம் பிரிவில் சேர்த்தது. 30 வயதுக்கு முன் பாவிக்கத் தொடங்கியவர்களுக்கு மெலனோமா ஆபத்து 75 வீதம் கூடுவதாக அப்போது கூறப்பட்டது. அதே ஆண்டு பிரேசில் இவற்றை முற்றாகத் தடைசெய்தது. கியூபெக் அவ்வளவு தூரம் போகவில்லை. 2013 பெப்ரவரி முதல் 18 வயதுக்குட்பட்டோருக்கு மட்டும் தடை.

கட்டிலோடு விற்கப்படும் சாமான்கள் தனி உலகம். கண்மூடி மட்டும் உண்மையில் அவசியமானது. இமையை மூடிக்கொண்டால் போதும் என்பது தவறு. நிறம் கூட்டும் குளிசையிலுள்ள கன்தசாந்தின் கண்ணின் விழித்திரையில் படிகமாகப் படிவது கண்டறியப்பட்ட விடயம். தெளித்துப் பூசும் பழுப்பு நிறம் தோலின் இறந்த மேற்படையை மட்டும் சாயமிடுகிறது. அது வெயிலிலிருந்து காப்பதுமில்லை. பழைய கட்டிலை மலிவாக வாங்கி நிலக்கீழ் அறையில் போடுபவர்களும் உண்டு. பழைய குழாய்களைக் கழற்றிப் புதியவை பூட்டியதும் கதிர் உறைப்பாகிவிடும். நேற்றைய நிமிடக்கணக்கு இன்று தோலை எரிக்கும்.

வேறு இரண்டு விளக்குகளை இதோடு போட்டுக் குழப்பக்கூடாது. குளிர்கால மனச்சோர்வுக்குப் பாவிக்கும் 10,000 லக்ஸ் விளக்குப் பெட்டி வெறும் வெளிச்சம். கழியூதாக் கதிர் வடிகட்டப்பட்டது, கண் வழியாக வேலை செய்வது. மற்றது வைத்தியசாலையில் தோல் வைத்தியர் தரும் 311 நனோமீற்றர் 'பி' விளக்கு. எமது ஆட்கள் 'வெண்குட்டம்' என்று பிழையான பெயர்சூட்டி, கலியாணப் பேச்சு முறிந்துவிடும் என்று ஒளித்துவைக்கும் வெண்படைக்கு அதுதான் சிகிச்சைகளில் ஒன்று. குட்டத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, தொற்றுவதுமில்லை. வெட்கத்தால் டொக்டரிடம் போகாமல் கட்டில் கடைக்குப் போனால், வெண்படையைச் சுற்றியுள்ள தோல் கறுத்து அது இன்னும் துலக்கமாகத் தெரியும், படை எரியும்.

இவ்வளவும் பெரியவர் பாடு. குழந்தைகளின் கதைதான் எம்மை உலுக்கவேண்டியது. 2002 நடுப்பகுதியிலிருந்து 2004 நடுப்பகுதிவரை கனடாவில் விற்றமின் டி குறைவால் எலும்பு மெலிந்து கால் வளையும் றிக்கெற்ஸ் நோய் 104 பிள்ளைகளில் உறுதிப்படுத்தப்பட்டது. அவர்களில் 89 வீதமானோர் மாநிறம் அல்லது கறுத்த தோலினர். 94 வீதமானோர் தாய்ப்பால் குடித்தவர்கள். தாய்ப்பாலில் குறை காண்பதற்காக இதைச் சொல்லவில்லை. அதில் இந்த விற்றமின் மட்டும் குறைவு. ஆகவே தாய்ப்பால் குடிக்கும் சிசுவுக்குப் பிறந்ததிலிருந்து நாளொன்றுக்கு 400 அலகு துளிமருந்து கொடுக்கும்படி கனடிய சுகாதாரத் திணைக்களம் கூறுகிறது. ஒரு வயது தொடக்கம் 70 வயதுவரை தேவை 600 அலகு, அதற்கு மேல் 800. இங்கு கடையில் வாங்கும் பசுப்பாலில் விற்றமின் டி சேர்க்கப்படவேண்டும் என்பது சட்டம். தயிருக்கு அந்தக் கட்டாயமில்லை. அந்தப் பாலில் வீட்டில் உறைபோட்ட தயிரில் அது இருக்கும். துளிமருந்துக்கு டொக்டரின் துண்டு தேவையில்லை, எந்தப் பாமசியிலும் கேட்கலாம்.