ஃபிரிட்ஜில் கசிந்த வாயுவும் பூமிச் சூடும்: ஒரு மதுரைக்காரரின் கணக்கு

சித்திரை வெயிலில் செஞ்சிக் கோட்டை ஏறி இறங்கியவர்களுக்குத் தெரியும், ராஜகிரிப் பாறை பொழுது சாய்ந்த பிறகும் அனலடிக்கும். அந்தச் சூடு எங்கே போகிறது? கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராக மேலே கிளம்புகிறது. நீராவியும் கார்பன் டை ஆக்சைடும் அதில் பெரும்பகுதியை வழியிலேயே பிடித்துக்கொள்கின்றன. ஆனால் 8 முதல் 12 மைக்ரான் வரையிலான அலைநீளத்தை இவை பெரிதாகத் தொடுவதில்லை. அதுதான் பூமியின் ஜன்னல். வானம் தெளிந்த ராத்திரியில் அந்த வழியாகச் சூடு விண்வெளிக்குத் தப்பிவிடும்.

அந்த ஜன்னலை மனிதன் தயாரித்த ஒரு வாயு அடைக்கிறது என்று முதலில் சொன்னவர் வீரபத்ரன் ராமநாதன். 1944-ல் மதுரையில் பிறந்தவர். 1965-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் முடித்தார். செஞ்சியில் காலையில் பஸ் ஏறினால் மதியத்துக்குள் சிதம்பரம் போய்விடலாம், அவ்வளவு பக்கம்.

முதல் வேலை செகந்திராபாத்தில், ஃபிரிட்ஜ் துறையில். குளிரூட்டும் வாயு ஏன் இவ்வளவு சீக்கிரம் கசிகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். பிறகு பெங்களூரு இந்திய அறிவியல் கழகம், அங்கிருந்து அமெரிக்காவின் ஸ்டோனி புரூக். பொறியியல் ஆராய்ச்சிக்குத்தான் போனார். ஆனால் வழிகாட்டி ராபர்ட் செஸ் கிரகங்களின் வளிமண்டலம் பக்கம் தாவிவிட, மாணவரும் கூடவே போக வேண்டியதாயிற்று!

வெள்ளியில் தரை வெப்பம் சுமார் 460 டிகிரி செல்சியஸ். சூரியனுக்கு இன்னும் பக்கத்தில் இருக்கும் புதனைவிட அதிகம். காரணம், தடித்த கார்பன் டை ஆக்சைடு போர்வை. செவ்வாயிலும் அதே வாயுதான், ஆனால் காற்று ரொம்ப மெல்லிசு. அதனால் அங்கே குளிர். எந்த வாயு எந்தக் கதிரைப் பிடிக்கும் என்ற கணக்கில் அவருக்குக் கை பழகியது இங்கேதான்.

1974-ல் மொலினாவும் ரோலண்டும், ஃபிரிட்ஜ் வாயுவான சிஎஃப்சி ஓசோனை அரிக்கும் என்று எழுதினார்கள். ராமநாதனுக்குத் தெரிந்த பழைய வாயுவாச்சே! கணக்குப் போட்டார். 1975-ல் 'சயின்ஸ்' இதழில் முடிவு வந்தது: சிஎஃப்சி அந்த ஜன்னலை அடைக்கிறது. எடைக்கு எடை, கார்பன் டை ஆக்சைடைவிடச் சுமார் 10,000 மடங்கு சூடேற்றும். அதுவரை பேச்செல்லாம் பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடைப் பற்றியே இருந்தது.

ஓசோனுக்காக 1987-ல் வந்த மான்ட்ரியல் ஒப்பந்தம் சிஎஃப்சியைக் கட்டுப்படுத்தியது. பூமிச் சூட்டுக்கும் அது கடிவாளமானது எதிர்பாராத லாபம். ஆனால் மாற்றாக வந்த எச்எஃப்சி ஓசோனைத்தான் விட்டுவைத்தது, சூடேற்றுவதை விடவில்லை. அதைக் குறைக்க 2016-ல் கிகாலியில் ஒப்புக்கொண்டார்கள். இந்தியாவின் குறைப்பு 2032-ல்தான் தொடங்குகிறது. அதுவரை, காயலான் கடையில் ஒரு பழைய ஃபிரிட்ஜின் குழாயை வெட்டினால், உள்ளே இருப்பது 'புஸ்'ஸென்று நேராக மேலேதான் போகும்.