விவாகரத்து ஆன பிறகும் ஜாக்கிரதை தேவை



தடுப்பூசி, பிரசவம், குழந்தையின் எடை என்று இந்த வெளியீடுகளில் பல விஷயங்களைப் பேசி வந்திருக்கிறோம். இந்த முறை பேசப் போவது வீட்டுக்குள் விழும் அடியைப் பற்றி. "இது சுகாதார இலாகா பேசற விஷயமா?" என்று சிலர் கேட்கலாம். உயிரைக் குடிக்கும் எதுவும் சுகாதார விஷயம்தான்.

2019-21-ல் எடுக்கப்பட்ட தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயது வரையுள்ள மணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் எப்போதாவது கணவனிடம் அடி உதையோ, பாலியல் துன்பமோ பட்டிருக்கிறார்கள். இவர்களில் பலர் பொறுத்துப் போகிறார்கள். சிலர் பிறந்த வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். சிலர் கோர்ட்டுக்குப் போய் விவாகரத்தும் வாங்குகிறார்கள். தீர்ப்பு கைக்கு வந்ததும் வீட்டார், "அப்பாடா, பீடை ஒழிஞ்சுது, இனி பயமில்லை" என்று பெருமூச்சு விடுகிறார்கள்.

அங்கேதான் பெரிய தவறு நடக்கிறது. அடிக்கிற கணவனை விட்டுப் பெண் விலகும் சமயமும், விலகிய பிறகு வரும் மாதங்களும்தான் அவள் உயிருக்கு மிக ஆபத்தான காலம். இதைத் தெரிந்துகொள்ளாமல் எல்லோரும் அசந்திருக்கும் நேரத்தில்தான் கொலை நடக்கிறது.

பிரிந்த பின் ஆபத்து ஏன் கூடுகிறது?

"கோபம் வந்தா கை நீட்டிடுவாரு, மத்தபடி நல்லவரு" என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள். அதே மனுஷர் மேலதிகாரியிடம் கோபம் வந்தால் கை நீட்டுகிறாரா? கடைக்காரரிடம் நீட்டுகிறாரா? இல்லையே. மனைவியை மட்டும் அடிப்பது கோபத்தினால் மட்டுமல்ல. "இவள் என் சொல்லுக்குள் இருக்க வேண்டும்" என்ற எண்ணத்தினால். யாரிடம் பேசலாம், எங்கே போகலாம், சம்பளத்தை யாரிடம் கொடுக்க வேண்டும், செல்போனில் யார் நம்பர் இருக்கலாம் என்று எல்லாவற்றையும் தன் பிடிக்குள் வைத்திருக்கிறான். அடி, அந்தப் பிடியை இறுக்கும் கருவி.

பெண் வீட்டை விட்டுப் போனதும் பிடி நழுவுகிறது. வழக்கு, ஜீவனாம்சம், குழந்தை யாரிடம் இருப்பது, "ஊர்ல தலை காட்ட முடியலை" என்ற அவமானம் ஆகிய எல்லாம் சேருகின்றன. "எனக்கு இல்லாதவள் யாருக்கும் இருக்கக் கூடாது" என்ற இடத்துக்கு அவன் மனம் போய்விட்டால், அடித்த கை ஆயுதத்தைத் தேடுகிறது. அடிக்கிற கைதான் அணைக்கும் என்பது பழமொழி. எல்லாக் கையும் அப்படி அல்ல.

அமெரிக்காவில் ஜாக்குலின் கேம்பல் என்ற செவிலியர் பேராசிரியை 11 நகரங்களில், கணவனாலோ துணைவனாலோ கொல்லப்பட்ட பெண்களைப் பற்றி ஓர் ஆய்வு நடத்தினார். 2003-ல் அது வெளிவந்தது. ஆணிடம் அடக்கியாளும் குணம் மிகுந்திருந்து, சேர்ந்து வாழ்ந்த பின் பிரிவும் ஏற்பட்டால், பெண் கொலையாகும் அபாயம் ஏறத்தாழ 9 மடங்கு கூடுவதாக அதில் தெரியவந்தது. கொலை முயற்சியில் உயிர் தப்பிய பெண்களில் ஏறக்குறையப் பாதிப் பேர், தங்கள் உயிருக்கே ஆபத்து இருந்ததை முன்கூட்டி உணரவில்லை. ஆகவே பயமாக இருந்தால் அந்தப் பயத்தை நம்புங்கள். பயமில்லை என்றாலும் கீழே சொல்லும் அறிகுறிகளைச் சரி பாருங்கள்.

வருஷங்கள் ஆனாலும் ஆறாத வன்மம்

துருக்கி நாட்டில் கிரிக்காலே என்ற ஊரில் எமினே புலுட் என்ற 38 வயதுப் பெண் இருந்தார். கணவனை விட்டு விவாகரத்துப் பெற்று 4 வருஷம் ஆகியிருந்தது. 2019 ஆகஸ்டு 18-ந் தேதி, பட்டப்பகலில், ஆட்கள் இருந்த ஒரு சிற்றுண்டிக் கடையில், முன்னாள் கணவன் அவரைக் கத்தியால் குத்திக் கொன்றான். 10 வயது மகள் பக்கத்தில் இருந்து பார்த்தாள். குழந்தையைப் பற்றிப் பேசும்போது தன்னை அவமதித்துவிட்டாள் என்று அவன் காரணம் சொன்னான். அந்த ஆண்டே அவனுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. தண்டனை தாயைத் திருப்பித் தரவில்லை.

இதில் நாம் படிக்க வேண்டிய பாடம் மூன்று. வருஷங்கள் ஓடியதனால் ஆபத்து தானே போய்விடாது. ஆள் நடமாட்டம் உள்ள இடம் நல்லதுதான், ஆனால் அது மட்டும் போதாது. குழந்தையைப் பற்றிய பேச்சு என்பது, பிரிந்தவர்கள் மறுபடி நேருக்கு நேர் சந்திக்க வேண்டி வரும் சந்தர்ப்பம். அந்தச் சந்தர்ப்பத்துக்கு முன்னேற்பாடு வேண்டும்.

அபாய அறிகுறிகள்

1. அடி முன்னைவிட அடிக்கடி விழுகிறது, பலமாகவும் விழுகிறது.
2. கழுத்தை நெரித்திருக்கிறான்.
3. கத்தி, அரிவாள், மண்ணெண்ணெய், பெட்ரோல், ஆசிட் ஆகியவற்றைக் காட்டி மிரட்டியிருக்கிறான்.
4. "உன்னையும் புள்ளைங்களையும் கொன்னுட்டு நானும் செத்துடுவேன்" என்கிறான். தற்கொலைப் பேச்சு என்று பரிதாபப்பட்டு விட்டுவிடாதீர்கள். இது கொலைப் பேச்சும்தான்.
5. வேலை செய்யும் இடத்தில், பஸ் நிறுத்தத்தில், குழந்தையின் பள்ளிக்கூட வாசலில் வந்து நிற்கிறான். ஓயாமல் போன் செய்கிறான்.
6. கர்ப்பமாக இருக்கும்போது அடித்திருக்கிறான்.
7. அளவுக்கு மீறிய சந்தேகம், அதோடு தினசரிக் குடி.
8. வேலையும் போய்விட்டது, இழக்க இனி ஒன்றுமில்லை என்று பேசுகிறான்.

ஐந்தாவது அறிகுறியைப் பலர் "இன்னும் பாசம் விடலை போல" என்று எடுத்துக்கொள்கிறார்கள். அமெரிக்காவில் 1999-ல் வந்த ஓர் ஆய்வில், துணைவனால் கொல்லப்பட்ட பெண்களில் நூற்றுக்கு 76 பேரைக் கொலைக்கு முந்திய ஒரு வருஷத்தில் அவன் பின்தொடர்ந்து திரிந்திருந்தான். அதைப் பாசம் என்று எண்ணி ஏமாறாதீர்கள்.

ஒரு சுலபமான வழி சொல்கிறேன். ஒரு காலண்டரை எடுத்து, போன ஒரு வருஷத்தில் அடியோ மிரட்டலோ நடந்த நாட்களில் புள்ளி வையுங்கள். முதலில் தள்ளித் தள்ளி இருந்த புள்ளிகள் பிறகு நெருங்கி வருகின்றனவா? அப்படியானால் தாமதிக்காமல் உதவி தேடுங்கள். இந்தக் காலண்டர் அவன் கண்ணில் படாத இடத்தில் இருக்கட்டும்.

கழுத்தை நெரித்தால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்

கழுத்தில் கை வைத்தவன் கொலைக்கு ஒரு படி கீழே நிற்கிறான். முன்பு ஒரு தடவை கழுத்து நெரிக்கப்பட்ட பெண் பின்னால் கொலையாகும் வாய்ப்பு 7 மடங்குக்கு மேல் என்று 2008-ல் வந்த ஆய்வு காட்டியது.

வெளியில் கீறல்கூடத் தெரியாமல் உள்ளே இரத்தக்குழாய் காயப்பட்டிருக்கலாம். அதனால் சில நாட்கள் கழித்துப் பக்கவாதம் வரக்கூடும். குரல் கம்முதல், விழுங்கச் சிரமம், மூச்சுத் திணறல், கண்ணில் சிவப்புப் புள்ளிகள், தலைசுற்றல், நினைவு தப்பியது, தன்னையறியாமல் சிறுநீர் போனது ஆகியவற்றில் எது இருந்தாலும் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். ஒன்றும் இல்லாவிட்டாலும் டாக்டரிடம் காட்டுங்கள். "மாடிப்படியில விழுந்துட்டேன்" என்று சொல்ல வேண்டாம். யார் செய்தது, எப்படிச் செய்தது என்று சொல்லி எழுதி வைக்கச் செய்யுங்கள். உங்களுக்கு வேண்டிய சிகிச்சையும் அதனால்தான் சரியாக நடக்கும். வழக்கிலும் அந்தக் குறிப்பு துணை நிற்கும்.

பிரிந்து வாழும் பெண் என்ன செய்ய வேண்டும்?

"கடைசியா ஒரே ஒரு தடவை பேசணும், தனியா வா" என்று கூப்பிட்டால் போகாதீர்கள். நகை தருகிறேன், கையெழுத்துப் போடுகிறேன், குழந்தைக்குத் துணி வாங்கி வைத்திருக்கிறேன் என்று எது சொன்னாலும் தனியாகப் போக வேண்டாம். பேச வேண்டியது இருந்தால் வக்கீல் மூலம் பேசலாம்.

குழந்தையைப் பார்க்கும் முறையைக் கோர்ட்டிலேயே கேட்டு, மேற்பார்வை உள்ள இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். வாய்தா நாளன்று துணையோடு போய்த் துணையோடு திரும்புங்கள். அவன் மிரட்டியிருந்தால் கோர்ட்டில் உள்ள போலீசாரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

ஆதார், ரேஷன் கார்டு, பாங்கி புத்தகம், குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், தீர்ப்பு நகல் ஆகியவற்றின் பிரதிகளை நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். செல்போனை அவன் முன்பு கையாண்டிருந்தால், இருக்கும் இடத்தைக் காட்டும் வசதி அதில் திறந்திருக்கிறதா என்று தெரிந்தவரிடம் காட்டிப் பாருங்கள். கடவுச் சொற்களை மாற்றுங்கள். மிரட்டல் செய்திகளை அழிக்காதீர்கள், அவை சாட்சி. குழந்தையை யாரிடம் ஒப்படைக்கலாம், யாரிடம் கூடாது என்று பள்ளி ஆசிரியையிடம் எழுதிக் கொடுங்கள்.

சட்டம் உங்கள் பக்கம்

"விவாகரத்து ஆயிடுச்சு, இனி குடும்ப வன்முறைச் சட்டம் எங்களுக்கு இல்லையாமே?" என்று பல தாய்மார்கள் கேட்கிறார்கள். அது சரியல்ல. 2005-ல் இயற்றி 2006 அக்டோபர் 26 முதல் அமலில் உள்ள குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், எப்போதாவது ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்ந்தவர்களையும் உள்ளடக்கியது. நடந்த வன்முறை விவாகரத்தினால் மறைந்துவிடாது, நிவாரணம் கேட்கலாம் என்று 2014-ல் உச்ச நீதிமன்றமும் கூறியுள்ளது.

இச்சட்டத்தின்படி மாஜிஸ்திரேட்டு பாதுகாப்பு உத்தரவு தரலாம். நெருங்கக் கூடாது, போன் செய்யக் கூடாது, வேலை செய்யும் இடத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் வரக் கூடாது என்று தடுக்கலாம். அவசரமானால் எதிர்த்தரப்பு வருமுன்பே இடைக்கால உத்தரவு தரலாம். மீறினால் 1 வருஷம் வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பெண்ணைப் பின்தொடர்ந்து திரிவதும் தனிக் குற்றம். முதல் தடவைக்கே 3 வருஷம் வரை சிறை உண்டு.

வழக்குச் செலவுக்குப் பயப்பட வேண்டாம். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு பெண்களுக்கு, வருமானம் எவ்வளவானாலும், இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுக்கும். மனு எழுத மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் உதவுவார்.

உத்தரவுக் காகிதம் கத்தியைத் தடுக்குமா என்று கேட்டால், தானாகத் தடுக்காது. மீறிய முதல் தடவையே புகார் கொடுத்தால்தான் அதற்குப் பலம். "இந்த ஒரு தடவை விட்டுடலாம்" என்று விட்டால் அவனுக்குத் துணிவு கூடும்.

பெற்றோருக்கும் அக்கம்பக்கத்தாருக்கும்

"கல்லானாலும் கணவன், அனுசரிச்சுப் போம்மா" என்று திருப்பி அனுப்பாதீர்கள். இரண்டாம் தடவை அவள் உங்களிடம் சொல்லவே மாட்டாள். "வாழாவெட்டி" என்று வாய்தவறியும் சொல்லாதீர்கள். அந்தச் சொல்லுக்குப் பயந்தே பலர் அடியோடு வாழ்கிறார்கள். சமரசம் பேசுகிறோம் என்று இருவரையும் ஓர் அறையில் உட்கார வைத்துவிட்டு நீங்கள் வெளியே போகாதீர்கள். பெண் எங்கே தங்கியிருக்கிறாள் என்பதை அவனுக்கு வேண்டியவர்களிடம் சொல்லாதீர்கள். பக்கத்து வீட்டில் அலறல் கேட்டால் 112-க்குப் போன் செய்யுங்கள். கதவைத் தட்டி "கொஞ்சம் சர்க்கரை இருக்காக்கா?" என்று நாலு பேராகக் கேட்பதுகூட ஓங்கிய கையை நிறுத்தலாம்.

ஆண்களுக்கு ஒரு வார்த்தை. பிரிவு வலிக்கும், அதை மறுக்கவில்லை. தூக்கம் வராமல், "அவளை ஏதாவது பண்ணிடுவேனோ, என்னையே பண்ணிக்குவேனோ" என்ற எண்ணம் வந்தால் 104-க்கோ 14416-க்கோ போன் செய்து பேசுங்கள். குடியை நிறுத்த அரசு ஆஸ்பத்திரியில் மனநல டாக்டரைப் பாருங்கள். அவள் உங்களை விட்டுப் போனது உங்கள் வாழ்க்கையின் முடிவல்ல. கத்தி எடுத்தால் அது உங்கள் பிள்ளைகளின் வாழ்க்கையையும் முடித்துவிடும்.

கடைசியாக ஒன்று. ஆபத்து இருக்கிறது என்று இவ்வளவு சொன்னது, "அப்படின்னா அங்கேயே அடி வாங்கிட்டு இரு" என்பதற்காக அல்ல. இருப்பதிலும் உயிருக்கு ஆபத்து உண்டு. விலகுவது உங்கள் உரிமை. திட்டத்தோடு, துணையோடு, யாரிடமாவது சொல்லிவிட்டு விலகுங்கள். விலகிய பிறகும் துணையைக் கைவிடாதீர்கள்.

நினைவில் கொள்ளுங்கள்

பெண்கள் உதவிக்கு: 181
போலீஸ் அவசர உதவிக்கு: 112
ஆம்புலன்ஸ்: 108
குழந்தைகளுக்கு: 1098
இலவசச் சட்ட உதவிக்கு: 15100

நேரில் போக: அனைத்து மகளிர் காவல் நிலையம், மாவட்ட சமூக நல அலுவலகம், ஒருங்கிணைந்த சேவை மையம். இவை எங்கே இருக்கின்றன என்று தெரியாவிட்டால் உங்கள் ஊர் கிராம சுகாதார செவிலியரைக் கேளுங்கள். அவர் சொல்வார். படித்து முடித்ததும் இந்தத் தாளைப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுங்கள். அவளுக்குத் தேவையா என்று நீங்கள் கேட்க வேண்டியதில்லை.