ஜெயித்தும் கை நஷ்டம்

அப்பீலில் தோற்றவர் வென்றவருடைய செலவைக் கொடுக்கவேண்டும் என்பது பொது விதி. தீர்ப்பின் கடைசி வரியில் அது காணாமல் போகிறது.

பெங்களூரில் விதான சௌதாவுக்கு எதிரே, சிவப்பு நிற அட்டாரா கச்சேரியிலிருந்து வெளியே வரும் ஒரு வீட்டுக்காரரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். தன் மனைக்காக கெம்பே கவுடா சாலையிலுள்ள சிட்டி சிவில் கோர்ட்டில் ஜெயித்தவர். எதிராளி உயர் நீதிமன்றத்துக்கு அப்பீல் போனார். வருடக்கணக்கில் அலைந்து அங்கேயும் ஜெயித்தாயிற்று. அந்தச் சந்தோஷமெல்லாம் தீர்ப்பு நகலின் கடைசி வரியைப் படிக்கும்வரைதான்: அவரவர் செலவு அவரவரைச் சேர்ந்தது.

சட்டம் இவ்வளவு கஞ்சத்தனமானதல்ல. செலவு யாருக்கு, எவ்வளவு என்பதை கோர்ட்டின் விருப்புரிமைக்கு விடுகிறது சிவில் நடைமுறைச் சட்டத்தின் 35-வது பிரிவு. ஆனால் வென்றவருக்குச் செலவுத்தொகை இல்லை என்றால் அதற்கான காரணத்தை எழுத்தில் சொல்லியாக வேண்டும். அப்பீலுக்குத் தனி விதியும் உண்டு. அப்பீலுக்கு ஆன செலவு எவ்வளவு, அதையும் கீழ்க்கோர்ட் செலவையும் யார், எந்த விகிதத்தில் தருவது என்று டிக்ரியில் குறிப்பிட வேண்டும். அதாவது அப்பீலில் தீர்ப்பு தலைகீழானால், கீழே கிடைத்த செலவுத்தொகையும் கைமாறலாம். பாதி வெற்றி என்றால் செலவும் விகிதாசாரப்படி.

கோர்ட் நினைத்தால் அப்பீல் செய்பவரிடம் முன்கூட்டியே செலவுக்குப் பிணை கேட்கலாம். அவர் வெளிநாட்டில் குடியிருந்து, வழக்கிலுள்ள சொத்தைத் தவிர இந்தியாவில் போதிய அசையாச் சொத்து இல்லாதவர் என்றால் கேட்டே ஆகவேண்டும். கொடுக்கத் தவறினால் அப்பீல் தள்ளுபடிதான்.

சிக்கல், எதையெல்லாம் செலவு என்று கணக்கிடுவது என்பதில்தான். கோர்ட் கட்டணம், நோட்டீஸ், டைப்பிங், சாட்சிப் படி, நகல் கட்டணம் ஆகியவை கணக்கில் வரும். வக்கீல் ஃபீஸ்? விதிகளில் உள்ள அட்டவணைப்படிதான். கட்சிக்காரர் எண்ணிக் கொடுத்த தொகைக்கும் அதற்கும் சம்பந்தமிருக்காது. இதில் ஒரு விசித்திரம். கர்நாடகத்தின் 1958-ம் வருடச் சட்டப்படி, அப்பீல் செய்பவர் முதல் வழக்குக்கு உரிய அதே கட்டணத்தை மறுபடி கட்டவேண்டும். ஜெயித்தால் அது செலவுக் கணக்கில் சேரும். கீழ்க்கோர்ட் வெற்றியைத் தக்கவைக்க எதிர்வாதம் செய்பவருக்கு அப்படிப்பட்ட பெரிய ரசீது இல்லை. செலவுத்தொகை கிடைத்தாலும் அவர் கைக்கு வருவது சில்லறைதான்.

இதை உச்ச நீதிமன்றம் கவனிக்காமல் இல்லை. பயணம், தங்கும் செலவு, வக்கீல் ஃபீஸ் உட்பட நியாயமான நிஜச் செலவு கிடைக்கவேண்டும் என்று 2005-ல் சேலம் வழக்கறிஞர் சங்கம் தொடுத்த வழக்கில் அது சொன்னது. இதைப் பிடித்துக்கொண்டு டில்லி உயர் நீதிமன்றம், ரகுபீர் சரண் டிரஸ்ட் வழக்கில், அப்பீலில் தோற்ற தரப்பு ரூ. 45.28 லட்சம் தரவேண்டும் என்று உத்தரவிட்டது. 2011-ல் அது உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. தீர்ப்பளித்த அமர்வில் இருந்தவர் நீதிபதி ஆர்.வி. ரவீந்திரன். 1993-லிருந்து பத்தாண்டுக்கு மேல் கர்நாடக உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்தவர்.

அந்த 45 லட்சம் ரத்தானது. டிரஸ்டுக்கு மிஞ்சியது விதிப்படியான செலவும் அதன்மேல் ஒரு சொற்பத் தண்டமும்தான். காரணம் யோசிக்க வைப்பது: வசதி படைத்தவர் வக்கீல் பட்டாளத்தையே அமர்த்திக்கொண்டு அந்த பில்லை எதிராளியிடம் நீட்டினால், செலவுத்தொகை வழக்கின் மதிப்பைப் பொறுத்து அமையாது, எதிராளியின் பணபலத்தைப் பொறுத்து அமையும். நியாயமான அப்பீலுக்குக்கூட ஏழை பயப்படுவான். அதே தீர்ப்பு மறுபக்கத்தையும் ஒப்புக்கொண்டது. இப்போதைய விதிகள் போதாது என்றது. பொய் வழக்குக்கு 35-ஏ பிரிவு வைத்திருக்கும் ரூ. 3,000 உச்சவரம்பை ஒரு லட்சமாக்க யோசனை சொன்னது. அப்பீலுக்கு அந்தப் பிரிவே பொருந்தாது என்பது வேறு விஷயம்.

அடுத்த வருடமே சட்ட கமிஷனும் தன் 240-வது அறிக்கையில் இந்தப் பிரச்னையை எடுத்துக்கொண்டது. பலன் கிடைத்தது வியாபாரிகளுக்கு. 2015-ன் வணிக நீதிமன்றச் சட்டம், தோற்றவரே செலவைத் தரவேண்டும் என்பதைப் பொது விதியாக எழுதி வைத்தது. வழக்கை நடத்திய விதம், நியாயமான சமரசத்தை மறுத்தது எல்லாம் கணக்கில் வரும். 35-ஏ உச்சவரம்பும் அங்கே போய்விட்டது. 2018 முதல் ரூ. 3 லட்சம் மதிப்புள்ள வணிகத் தகராறுக்கே இது பொருந்தும்.

ஆக, சரக்குக்குப் பணம் வரவில்லை என்று வழக்குப் போடும் கம்பெனிக்குப் புதிய விதி. சொந்த வீட்டுக்காக அப்பீல்வரை போராடுபவருக்குப் பழைய விதி. சாதாரண சிவில் வழக்குக்கும் சட்டத்தைத் திருத்தும்வரை அவருக்கு இருப்பது ஒரே வழி. வாதம் முடியும் நாளில் செலவுப் பட்டியலையும் ஃபீஸ் ரசீதுகளையும் தாக்கல் செய்து, செலவுத்தொகையை வாய்விட்டுக் கேட்பது. மறுத்தால் காரணம் எழுதவேண்டிய கடமை கோர்ட்டுக்கு உண்டு.