வெப்பப் பசை

வெப்பப் பசை அல்லது தெர்மல் பேஸ்ட் என்பது கணினியின் செயலிக்கும் அதன் மேல் பொருத்தப்படும் குளிர்விப்பானுக்கும் இடையே பூசப்படும், வெப்பத்தைக் கடத்தும் பசையாகும். இரு பரப்புகளுக்கு இடையில் சிக்கும் காற்றை வெளியேற்றி அவ்விடத்தை நிரப்புவதே இதன் பணி.

தேவை

செயலியின் மூடியும் குளிர்விப்பானின் அடிப்பரப்பும் வழவழப்பாகத் தெரிந்தாலும் அவற்றில் நுண்ணிய மேடுபள்ளங்கள் உண்டு. இரண்டையும் அழுத்தி வைத்தால் மேடுகள் மட்டுமே தொட்டுக்கொள்ளும்; பள்ளங்களில் காற்று தங்கும். வெப்பக் கடத்துத்திறன் (வாட்/மீட்டர்·கெல்வின்) செம்புக்கு ஏறத்தாழ 400, அலுமினியத்துக்கு 237, காற்றுக்கு 0.026. பசைகளுக்கு இது பெரும்பாலும் 1 முதல் 10 வரை இருக்கும். எனவே பசை காற்றைவிடப் பன்மடங்கு மேலானது. ஆனால் உலோகத்தைவிட மிகத் தாழ்ந்தது.

படலத்தின் தடிமன்

9 சதுர செ.மீ. பரப்பின் வழியே 90 வாட் வெப்பம் வெளியேறுவதாகக் கொள்வோம். கடத்துத்திறன் 5 உள்ள பசை 0.05 மி.மீ. தடிமனில் இருந்தால் அதன் இரு பக்கங்களுக்கும் இடையே 1 °செ வேறுபாடே இருக்கும். அதே பசை 0.25 மி.மீ. தடிமனில் இருந்தால் வேறுபாடு 5 °செ ஆகும். கடத்துத்திறன் 1 மட்டுமே உள்ள மலிவான பசையை 0.05 மி.மீ. அளவில் பூசினாலும் இதே 5 °செ தான். ஆகவே விலையுயர்ந்த பசையைத் தடிமனாகப் பூசுவதால் பயனில்லை.

வகைகள்

- சாதாரணப் பசை: சிலிக்கோன் எண்ணெயில் துத்தநாக ஆக்சைடு, அலுமினிய ஆக்சைடு போன்ற தூள்கள் கலந்தது. மின்சாரத்தைக் கடத்தாது.
- திரவ உலோகம்: காலியம் சேர்ந்த கலப்புலோகம். 2020-இல் வெளிவந்த பிளேஸ்டேஷன் 5 விளையாட்டுக் கருவியில் பயன்படுகிறது. மின்சாரத்தைக் கடத்துவதால் சிந்தினால் குறுக்குச்சுற்று ஏற்படலாம். அலுமினியத்தை அரிக்கும் என்பதால் அலுமினிய அடிப்பரப்பு கொண்ட குளிர்விப்பான்களுக்கு ஏற்றதன்று.

பூசும் முறை

பழைய பசையை ஐசோபுரோப்பைல் ஆல்ககால் தோய்த்த துணியால் துடைத்து உலரவிட வேண்டும். புதிய குளிர்விப்பானின் அடியில் பாதுகாப்பு நெகிழித்தாள் ஒட்டியிருந்தால் உரிக்க வேண்டும். செயலியின் நடுவில் பட்டாணி அளவு பசை வைத்து, எதிரெதிர்த் திருகுகளைச் சிறிது சிறிதாக இறுக்கினால் பசை தானே பரவும். குளிர்விப்பானைக் கழற்றினால், மீண்டும் பொருத்தும்போது புதிய பசை இட வேண்டும்.

வரம்பு

காற்றால் குளிரும் செயலியின் வெப்பநிலை அறையின் வெப்பநிலைக்குக் கீழே செல்லாது. தருமபுரி மாவட்டத்தின் பாலக்கோடு போன்ற ஊர்களில் கோடைப் பகலில் 35 °செ-ஐத் தாண்டுவதுண்டு. 25 °செ அறையில் 75 °செ-இல் இயங்கும் செயலி, அதே வேலைப்பளுவில் அங்கு ஏறத்தாழ 85 °செ-ஐ எட்டும். வெப்பம் வரம்பை மீறினால் செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பசை இணைப்பில் உள்ள தடையை மட்டுமே குறைக்கும். தூசி அடைத்த விசிறியையும் காற்றோட்டமில்லாத பெட்டியையும் அது ஈடுசெய்யாது.