அரண் அமைக்கும் கல்வி – 14: கானாவில் நின்றுபோன மின்சாரம்

மென்பொருளைக் கட்டும்போதே அதன் பாதுகாப்பும் சேர்த்துக் கட்டப்பட வேண்டும் என்பதை இத்தொடரின் வாசகர்களுக்கு மீண்டும் விளக்கத் தேவையில்லை. இத்துறையின் முதுநிலைப் படிப்பின் முதலிரு பருவங்கள் சென்ற இதழோடு முடிந்தன. இவ்வாரம் மூன்றாம், நான்காம் பருவங்களை நிரப்பும் ஆய்வுத் திட்டப்பணியும், அப்படிப்பில் சேர்வதற்கான நுழைவுத் தேர்வுகளும் பேசப்படும் என்று சொல்லப்பட்டிருந்தது. திட்டப்பணிக்கு எத்தகைய சிக்கலைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வியை எடுத்த உடனேயே 2017 ஜூன் 27 அன்று உலகக் கப்பல் துறையை உலுக்கிய நிகழ்ச்சி குறுக்கே வருகிறது; அதை முழுமையாகச் சொல்லாமல் மேலே செல்ல இயலாது.

எம்.கே.பி. நகர் என்று சுருக்கி வழங்கப்படும் மகாகவி பாரதி நகரில் வளர்ந்து இத்துறையைப் படிக்க முனையும் மாணவருக்கு அந்நிகழ்ச்சி தொலைதூரச் செய்தியாக இருக்க முடியாது. ஒருபுறம் ராயபுரத்தையும் காசிமேட்டையும் ஒட்டிச் சென்னைத் துறைமுகம், மறுபுறம் திருவொற்றியூரைக் கடந்தால் எண்ணூரின் காமராசர் துறைமுகம் என்று அவர் வாழும் வட்டாரமே சரக்குப் பெட்டகங்களால் இயங்குகிறது. பெட்டகங்களுக்கென்றே அமைந்த இந்தியாவின் முதல் முனையம் 1983இல் சென்னைத் துறைமுகத்தில்தான் திறக்கப்பட்டது. அத்துறைமுகத்தின் ஜீரோ கேட் எனப்படும் வாயிலுக்கு வெளியே டிரெய்லர் லாரிகள் நிற்கும் வரிசையை வடசென்னையில் அறியாதவர் இல்லை. அந்த வரிசை நகர்வதற்கு ஓட்டுநரின் திறமை மட்டும் போதாது. பெட்டகத்தின் எண், அது ஏற வேண்டிய கப்பல், ஏற்றுமதிக்கான ஒப்புதல் ஆகிய மூன்றும் முனையத்தை இயக்கும் மென்பொருளில் பொருந்திவர வேண்டும். அம்மென்பொருள் ஊமையானால் கிரேனும் லாரியும் கப்பலும் பழுதின்றி இருந்தும் துறைமுகம் நின்றுவிடும்.

2017இல் மெர்ஸ்க் என்ற டென்மார்க் கப்பல் நிறுவனத்துக்கு நேர்ந்தது அதுவே. உக்ரைனில் வரிக் கணக்குக்குப் பரவலாகப் பயன்பட்ட எம்.இ.டாக் என்னும் மென்பொருளின் புதுப்பிப்பு வழங்கியை, அதாவது பயனர்களின் கணினிகளுக்குத் திருத்தங்களை அனுப்பும் தலைமைக் கணினியை, ஊடுருவியோர் கைப்பற்றி, அதன் வழியே நாட்பெட்யா என்று பின்னர் பெயர் பெற்ற அழிவு நிரலைப் பரப்பினர். மென்பொருளைத் தவறாமல் புதுப்பிக்க வேண்டும் என்ற நல்ல அறிவுரையைப் பின்பற்றியவர்களே முதலில் வீழ்ந்தார்கள். அந்நிரல் இரண்டு கருவிகளை இணைத்துக்கொண்டிருந்தது. ஒன்று, விண்டோஸ் இயங்குதளத்தின் ஒரு குறை வழியாக நுழையும் எட்டர்னல்புளூ; அக்குறைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. மற்றொன்று, கணினியின் நினைவகத்தில் தங்கிவிடும் கடவுச்சொற்களைப் பொறுக்கியெடுக்கும் மிமிகாட்ஸ். திருத்தம் செய்யப்படாத ஒரு கணினியில் நுழைந்து அங்கே கிடைக்கும் கடவுச்சொற்களைக் கொண்டு திருத்தம் செய்யப்பட்ட கணினிகளையும் திறந்துவிட முடிந்ததால், பெரும்பாலானவற்றைச் சரிசெய்து சிலவற்றை விட்டுவைத்த நிறுவனங்களும் தப்பவில்லை. பணம் கேட்கும் பிணைநிரலின் தோற்றம் அதற்கு இருந்தது. ஆனால் பணம் கொடுத்தாலும் தரவு திரும்பாது, ஏனெனில் அது அழிப்பதற்கென்றே எழுதப்பட்டது.

உக்ரைனின் ஒடெசா நகரில் இருந்த மெர்ஸ்க் அலுவலகத்தில் ஒரே ஒரு கணினியில் எம்.இ.டாக் நிறுவப்பட்டிருந்தது என்று இந்நிகழ்ச்சியை விரிவாக ஆராய்ந்த பத்திரிகையாளர் ஆண்டி கிரீன்பெர்க் எழுதுகிறார். நுழைவதற்கு அந்த ஒன்று போதுமானதாக இருந்தது. கப்பல்களின் கணினிகள் பிழைத்தன. ஆனால் எந்தக் கப்பலில் எந்தப் பெட்டகம் எங்கே அடுக்கப்பட்டிருக்கிறது என்ற தகவலைப் பெற்றுக்கொள்ளும் கரைமுனைய மென்பொருள் அழிந்தது. நியூ ஜெர்சியின் எலிசபெத் துறைமுகத்தில் லாரிகள் வாயிலிலேயே நின்றன. நவி மும்பையின் ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் அக்குழுமம் நடத்திய முனையமும் செயலிழந்தது. 4,000 வழங்கிகளையும் 45,000 கணினிகளையும் பத்து நாட்களில் புதிதாக நிறுவ வேண்டியிருந்ததாக அந்நிறுவனத்தின் தலைவர் 2018 தாவோஸ் மாநாட்டில் தெரிவித்தார். நிறுவனம் கணக்கிட்ட இழப்பு 25 முதல் 30 கோடி டாலர்.

திட்டப்பணி செய்யும் மாணவர் நின்று பார்க்க வேண்டிய இடம் மீட்புப் பணியில் வருகிறது. பெரிய நிறுவனங்களின் வலையமைப்பில் டொமைன் கன்ட்ரோலர் எனப்படும் வழங்கிகள் உண்டு. யார் எந்தக் கணினிக்குள் நுழையலாம், எதைத் திறக்கலாம் என்ற முழு விவரத்தையும் வைத்திருப்பவை அவையே. மெர்ஸ்க்கிடம் அத்தகையவை ஏறத்தாழ 150 இருந்தன. ஒன்று பழுதானால் மற்றொன்று அதன் இடத்தை நிரப்பும் வகையில் அவை ஒன்றோடொன்று ஓயாமல் தகவலைப் பகிர்ந்து தம்மைச் சமப்படுத்திக்கொண்டிருந்தன. 150 நகல்கள் இருக்கும்போது தனியே ஒரு காப்பு எதற்கு என்று அவ்வமைப்பை வகுத்தவர்கள் கருதியிருக்க வேண்டும். அனைத்தும் ஒரே வலையில், ஒரே நேரத்தில் அழியக்கூடும் என்ற நிலை அவர்களின் வடிவமைப்பில் இடம்பெறவில்லை.

ஒன்று மட்டும் பிழைத்தது. தாக்குதலுக்குச் சற்று முன்னர் மேற்கு ஆப்பிரிக்காவின் கானா நாட்டு அலுவலகத்தில் மின்சாரம் நின்றுபோனதால் அங்கிருந்த வழங்கி வலையமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்டிருந்தது. நாட்பெட்யா அதை எட்டவில்லை. மீட்புப் பணி நடந்த இங்கிலாந்தின் மெய்டன்ஹெட் நகருக்கு அதன் தரவை இணையம் வழியே அனுப்பலாம் என்றால், கானாவின் இணைப்பு வேகத்தில் அது பல நாட்களை விழுங்கும். நேரில் கொண்டுவரலாம் என்றால் அங்கிருந்த பணியாளர் எவரிடமும் பிரிட்டனுக்கான விசா இல்லை. ஆகவே கானா அலுவலகத்தைச் சேர்ந்த ஒருவர் நைஜீரியாவுக்குப் பறந்து விமான நிலையத்தில் மற்றொரு பணியாளரிடம் அவ்வழங்கியின் வன்தட்டைக் கையளிக்க, அவர் அதைச் சுமந்துகொண்டு லண்டனுக்கு விமானம் ஏறினார். அப்போது உலகக் கப்பல் கொள்ளளவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை இயக்கிவந்த நிறுவனத்தின் வலையமைப்பு, கைமாறி வந்த அந்த வன்தட்டைக் கொண்டே மீண்டும் எழுந்தது.

மின்தடையைத் தொல்லையாக மட்டுமே அறிந்த வடசென்னை வாசகருக்கு இச்செய்தி வியப்பளிக்கும். மென்பொருள் பொறியியல் மாணவருக்கோ இது தெளிவான ஓர் ஆய்வுத் தலைப்பு. கானாவில் தற்செயலாக நிகழ்ந்த துண்டிப்பை, எந்த அமைப்பிலும் வேண்டுமென்றே, குறித்த கால இடைவெளியில், செலவு கணக்கிட்டு நிகழ்த்துவது எவ்வாறு? நகல், மூலத்தில் நேரும் நன்மை தீமை இரண்டையும் உடனுக்குடன் ஏற்றுக்கொள்ளும்; காப்பு, மூலத்திலிருந்து விலகி நிற்பதாலேயே பயன்படும். காப்பு எவ்வளவு நேரம் விலகி நிற்கிறதோ அவ்வளவு நேரத்தின் தரவை இழக்க நேரிடும் என்பதால், பாதுகாப்பான விலகலுக்கும் பொறுக்கத்தக்க இழப்புக்கும் இடையே ஓர் அளவைக் கண்டறிய வேண்டியிருக்கிறது. சில மெய்நிகர் இயந்திரங்களை, அதாவது ஒரே கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கப்படும் பல கணினிகளை, ஒரு சிறு முனையத்தின் மாதிரியாக அமைத்து, அவற்றுள் டொமைன் கன்ட்ரோலரை அழித்து, ஒவ்வொரு வடிவமைப்பிலும் வாயில் மீண்டும் திறக்க எவ்வளவு நேரமாகிறது என்று அளப்பது ஒரு மாணவரின் இரு பருவங்களுக்குள் அடங்கும் வேலை. பாதுகாப்பு என்றாலே ஊடுருவிக் காட்டுவது என்று எண்ணித் தலைப்புத் தேடும் மாணவர்கள் பலர். மீண்டெழும் அமைப்பைக் கட்டிக் காட்டுவது அதைவிடக் கடினமானது, இந்நாட்டுக்கு அதைவிடத் தேவையானது.

சோதனைகள் வெளி வலையோடு தொடர்பற்ற ஆய்வகத்திலேயே நடக்க வேண்டும் என்பதற்கு ஒரு முதுநிலை மாணவரின் வரலாறே சான்று. 1988 நவம்பர் 2 அன்று கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் மாரிஸ், இணையத்தில் தானே பரவும் ஒரு நிரலை வெளியிட்டார். ஏற்கெனவே தொற்றிய கணினியை அது விட்டுச்செல்லும். ஆனால் அப்படித் தொற்றியதாகப் பொய்யாகக் காட்டிக்கொள்ளும் கணினிகளை மீறுவதற்காக, ஏழில் ஒரு முறை எப்படியும் குடியேறும்படி அவர் வகுத்திருந்தார். அந்த ஏழில் ஒன்று என்ற விகிதம் மிக அதிகமாகி, ஒரே கணினியில் நிரலின் பிரதிகள் குவிந்து ஆயிரக்கணக்கான இயந்திரங்கள் திணறின. அதைத் தொடர்ந்து சில வாரங்களுக்குள் அமெரிக்காவில் கணினி அவசரநிலைக் குழு ஒன்று நிறுவப்பட்டது. அக்குழு காவல் துறையிலோ படைத்துறையிலோ அமையாமல், 1984இல் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பட்ட மென்பொருள் பொறியியல் நிறுவனத்தில் அமைந்தது. மென்பொருள் பொறியியலும் கணினிப் பாதுகாப்பும் ஒரே கூரையின்கீழ் வந்தது அவ்வாறே. அதே நிறுவனத்தில் மென்பொருள் ஆக்கத்தின் முதிர்ச்சியை அளக்கும் முறைக்கு அடித்தளமிட்டவர் வாட்ஸ் ஹம்ப்ரி. சென்னையில் ஒரு மென்பொருள் தர நிறுவனம் அவர் பெயரைத் தாங்கியது. இந்தியாவில் அக்குழுவைப் போன்ற செர்ட்-இன் அமைப்பு 2004 முதல் இயங்கி வருகிறது; இணையத் தாக்குதல்களை ஆறு மணி நேரத்துக்குள் அதற்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரலில் பிறந்த ஆணை.

நுழைவுத் தேர்வுகள் அடுத்த இதழுக்குத் தள்ளிப்போகின்றன. அண்ணா பல்கலைக்கழகம் எம்.இ., எம்.டெக். சேர்க்கைக்காக 2023இல் டான்செட் தேர்விலிருந்து பிரித்து அறிமுகப்படுத்திய சீட்டா-பிஜி, தேசிய அளவிலான கேட், கோவை அமிர்தாவின் இணையப் பாதுகாப்பு எம்.டெக்., சென்னைப் பல்கலைக்கழகத்தின் இணையத் தடயவியல் எம்.எஸ்சி. ஆகியவை அப்போது வரிசையாக எடுக்கப்படும். அதுவரை எம்.கே.பி. நகரின் ஒரு தொழிலாளர் குடும்பம் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டிய செய்தி இது: கேட் தேர்வில் தகுதி பெற்று, ஏ.ஐ.சி.டி.இ. ஒப்புதல் உள்ள கல்லூரியில் முழுநேர எம்.இ. சேரும் மாணவருக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு.