பாதியில் மூடிய பேய்க்கதை

இரவு இரண்டு மணிக்குச் செலாயாங் தூங்குவதில்லை. மொத்த விலைச் சந்தைக்குக் காய்கறி ஏற்றிவரும் லோரிகள் அந்த நேரத்தில்தான் வரிசை பிடிக்கும். எங்கள் வீடு சாலையோரத்தில் இருப்பதால், லோரி திரும்பும்போதெல்லாம் சன்னல் கண்ணாடி லேசாக அதிரும். பிறந்ததிலிருந்து கேட்டுப் பழகிய சத்தம் அது. அதற்காக நான் ஒருநாளும் கண்விழித்தது கிடையாது. கடந்த பருவ விடுமுறையில் ஓர் இரவு மட்டும் விடிய விடிய அதைக் கேட்டுக்கொண்டே படுத்திருந்தேன். காரணம், கையில் இருந்த நாவல்.

அமெரிக்க எழுத்தாளர் ஸ்டீபன் கிங்கின் ‘பெட் செமட்டரி’ அது. 1983-ஆம் ஆண்டு வெளிவந்தது. பழைய புத்தகக் கடையில் எட்டு வெள்ளிக்கு வாங்கினேன். ஒரு மருத்துவர் தம் மனைவி, இரண்டு பிள்ளைகள், ஒரு பூனையோடு மேய்ன் மாநிலத்தில் சாலையோர வீடொன்றுக்குக் குடிவருகிறார். அந்தச் சாலையில் இரவும் பகலும் கனரக லோரிகள் ஓடுகின்றன. கடைக்குட்டிப் பையனோ நடை பழகி, ஓடத் தொடங்கிய வயது. கதை பாதியை நெருங்கும்போது அப்பாவும் மகனும் பட்டம் விடுகிறார்கள். புத்தகத்திலேயே மகிழ்ச்சியான பகுதி அதுதான். அங்கேதான் எழுத்தாளர், இந்தப் பிள்ளை இன்னும் இரண்டு மாதம்கூட உயிரோடு இருக்கப்போவதில்லை என்று போகிற போக்கில் சொல்லிவிடுகிறார். (கதையை உடைத்துவிட்டேன் என்று என்மேல் கோபப்பட வேண்டாம். உடைத்தது அவர்தான்.)

அந்த இடத்தைப் படித்தபோது வெளியே ஒரு லோரி போனது. பக்கத்து அறையில் என் அக்கா மகன் தூங்கிக்கொண்டிருந்தான். அவனுக்கு அப்போது மூன்று வயது. வாசல் கதவின் கொக்கியைத் தானாகத் திறக்க அந்த வாரம்தான் கற்றுக்கொண்டிருந்தான்.

புத்தகத்தை மூடினேன். இதை எழுதும் இன்றுவரை திறக்கவில்லை.

மறுநாள் தோழிகளிடம் சொன்னபோது புலனக் குழுவில் சிரிப்புப் படங்கள் குவிந்தன. படிவம் ஒன்றிலிருந்து பேய்க்கதை படித்து வருபவள், வகுப்பில் மற்றவர்களைப் பயமுறுத்தியவள், இப்போது பாதிப் புத்தகத்தில் ஓடிவந்துவிட்டாளே என்று கேலி செய்தார்கள். கேலி பெரிதாக வலிக்கவில்லை. ஆனால், ஏதோ தவறு செய்துவிட்டதுபோல் ஓர் உறுத்தல் இருந்தது. அது எங்கிருந்து வந்தது என்று யோசித்தபோது, நேராகப் பள்ளி நாட்களில் போய் நின்றேன்.

நிலாம் திட்டம் உங்களுக்கும் நினைவிருக்கும். மாணவர்களிடம் வாசிப்புப் பழக்கத்தை வளர்க்கக் கல்வி அமைச்சு 1990-களின் இறுதியில் கொண்டுவந்த திட்டம் அது. எங்கள் காலத்தில் அதற்கென்று ஒரு பதிவேடு இருந்தது. நூலின் தலைப்பு, ஆசிரியர், பக்க எண்ணிக்கை, கதைச் சுருக்கம், கற்றுக்கொண்ட படிப்பினை என்று எல்லாவற்றையும் எழுத வேண்டும். ‘பாதி படித்தேன்’ என்று எழுத அதில் கட்டமே இல்லை. திட்டத்தைக் குறை சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் எங்கள் வகுப்பில் பாதிப்பேர் நூலகத்தை எட்டிப் பார்த்திருக்கமாட்டார்கள். ஆனால், முடித்த புத்தகம்தான் புத்தகம் என்ற எண்ணம் அந்தக் கட்டங்களோடு சேர்ந்து மனத்தில் பதிந்துவிட்டது.

படிவம் இரண்டில் ஒரு மலாய்ப் பேய் நாவலைப் பாதியில் விட்டுவிட்டேன். பதிவேட்டில் மட்டும் முழுவதும் படித்ததாக எழுதினேன். முடிவு தெரியாததால் நானே ஒன்றைக் கற்பனை செய்தேன். படிப்பினை வேண்டுமே என்பதற்காக, அந்தப் பேய் கடைசியில் திருந்தி எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டதாக எழுதிவைத்தேன். ஆசிரியர் அதைப் படித்துவிட்டு, “பேய் மன்னிப்புக் கேட்டதா?” என்று மட்டும் கேட்டார். நான் தலையாட்டினேன். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அந்தப் பார்வை இன்னும் மறக்கவில்லை.

வீட்டிலும் இதே கதைதான். தட்டில் சோறு மிச்சம் வைத்தால் அம்மாவுக்குப் பிடிக்காது. காசு கொடுத்து வாங்கிய பொருளைப் பாதியில் விடுவது அவருக்குப் பாவம். இந்த மனநிலையை ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். ஹால் ஆர்க்ஸ், கேத்தரின் புளூமர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1985-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அமெரிக்காவின் ஒஹாயோ பல்கலைக்கழக நாடக அரங்கில் பருவச் சீட்டு வாங்க வந்தவர்களில் சிலருக்கு முழு விலையிலும் சிலருக்குத் தள்ளுபடியிலும் சீட்டு கொடுத்தார்கள். யாருக்கு எந்த விலை என்பது குலுக்கல் முறையில் முடிவானது. நாடகங்கள் எல்லாருக்கும் ஒன்றுதான். ஆனால், முதல் ஆறு மாதங்களில் முழு விலை கொடுத்தவர்களே அதிக நாடகங்களுக்கு வந்தார்கள். கொடுத்த காசு இனி எப்படியும் திரும்பாது என்று தெரிந்தும், அந்தக் காசுதான் நம்மை இருக்கையில் உட்கார வைக்கிறது. என்னை உறுத்தியதும் ஓரளவு அந்த எட்டு வெள்ளிதான் என்று நினைக்கிறேன்.

நூலகத் துறையில் இருப்பவர்கள் இவ்வளவு கண்டிப்பு காட்டுவதில்லை. அமெரிக்காவின் சியாட்டல் நகரில் நூலகராக இருந்த நான்சி பெர்ல் சொல்லும் கணக்கு சுவையானது. எந்தப் புத்தகத்துக்கும் 50 பக்கம் வாய்ப்புக் கொடுங்கள், பிடிக்காவிட்டால் விட்டுவிடுங்கள் என்கிறார். வயது ஐம்பதைத் தாண்டியவர்கள் நூறிலிருந்து தம் வயதைக் கழித்து, மீதிப் பக்கங்களைப் படித்தால் போதுமாம். அதாவது, எண்பது வயதுப் பாட்டிக்கு இருபது பக்கம். பிரான்சில் பள்ளி ஆசிரியராக இருந்த டேனியல் பென்னாக் 1992-இல் வெளியிட்ட நூலில் வாசகருக்குப் பத்து உரிமைகள் உண்டு என்று எழுதினார். அவற்றில் மூன்றாவது, புத்தகத்தை முடிக்காமல் விடும் உரிமை.

ஆனால், இவர்கள் பேசுவது பெரும்பாலும் பிடிக்காத புத்தகங்களைப் பற்றி. நான் மூடியது பிடிக்காத புத்தகம் இல்லை. சலிப்புத் தட்டினால் விடுவது எல்லா நாவலுக்கும் பொது. ஒரு நாவல் தன் வேலையை மிக நன்றாகச் செய்கிறது என்பதற்காகவே அதை மூடிவைப்பது திகில் கதையில்தான் அதிகம் நடக்கிறது.

டென்மார்க்கின் ஆர்ஹூஸ் பல்கலைக்கழகத்தில் பொழுதுபோக்குக்காகப் பயப்படுவதை ஆராயும் குழு ஒன்று இருக்கிறது. 2020-இல் வெளிவந்த அவர்களின் ஆய்வில், கட்டணம் கட்டிப் பேய்வீட்டுக்குள் நுழைந்த 110 பேருக்கு இதயத் துடிப்பை அளக்கும் கருவியை மாட்டிவிட்டார்கள். எவ்வளவு பயந்தீர்கள், எவ்வளவு இரசித்தீர்கள் என்றும் கேட்டார்கள். பயம் கூடக் கூட மகிழ்ச்சியும் கூடிக்கொண்டே போகவில்லை. மிகக் குறைவாகப் பயந்தவர்களும் அதிகமாக இரசிக்கவில்லை, மிக அதிகமாகப் பயந்தவர்களும் இரசிக்கவில்லை. நடுவில் ஓர் அளவு இருந்தது. உறைப்பு மாதிரிதான். சம்பால் இல்லாத நாசி லெமாக்கில் சுவை இல்லை. கண்ணில் நீர் கொட்டும் அளவுக்குப் போனாலும் சுவை தெரிவதில்லை.

நான் பாதியில் விட்ட மற்றத் திகில் நாவல்களை இப்போது எண்ணிப் பார்க்கிறேன். பெரும்பாலானவை உறைப்புக் குறைந்து போனவை. தடித்த நாவல்களில் இது அதிகம். அதே கிங் 1986-இல் எழுதிய ‘இட்’ ஆயிரத்து நூறு பக்கங்களைத் தாண்டும். எனக்கு முந்நூறாவது பக்கத்திலேயே அந்தக் கோமாளி பழகிப்போய்விட்டான். எட்கர் ஆலன் போ 1846-இல் எழுதிய ஒரு கட்டுரையில், ஒரே அமர்வில் படிக்க முடியாத அளவுக்கு நீண்டால் படைப்பு தன் விளைவை இழந்துவிடும் என்று வாதிடுகிறார். திகிலுக்கு அது நூற்றுக்கு நூறு பொருந்தும். நடுவில் எழுந்துபோய் மைலோ கலக்கிக் குடித்துவிட்டு வந்தால் பேய் பாதியாகிவிடுகிறது.

மொழியும் ஒரு காரணம். தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டு, தேசிய இடைநிலைப்பள்ளியில் ஐந்து ஆண்டு படித்த எனக்கு ஆங்கிலம் மூன்றாவதாக வந்த மொழி. பக்கத்துக்கு நான்கு சொல்லை அகராதியில் தேடினால் எப்படிப் பயம் வரும்? மலாய் நாவலில் அந்தத் தொல்லை இல்லை. வாழை மரத்துக்கு அடியில் பொந்தியானாக் என்று ஒரு வரி வந்தால் போதும். நம் வீட்டுக்குப் பின்னாலும் வாழை மரம் இருக்கிறதே! ஆங்கிலத்தில் படிக்கவேண்டும், ஆனால் நம் ஊர்ப் பேய் வேண்டும் என்பவர்கள் துங்கு ஹாலிமிடம் போகலாம். அவருடைய ‘டார்க் டீமன் ரைசிங்’ 1997-இல் வெளிவந்தது.

அம்மாவின் இளமைக்காலத்தில் இந்தச் சிக்கலே எழவில்லையாம். சுஜாதாவின் ‘கொலையுதிர் காலம்’ போன்றவை வார இதழில் தொடராக வந்தவை. பயம் உச்சத்துக்குப் போகும் இடத்தில் ‘தொடரும்’ என்று போட்டுவிடுவார்கள். “நாங்க எங்க கதைய விட்டோம்? கதைதான் எங்கள வாரா வாரம் பாதியில விட்டுட்டுப் போகும்” என்று சிரித்தார் அம்மா. அந்த ஒரு வாரத்தில் சந்தைக்குப் போய், சமைத்து, துணி துவைத்துப் பயம் ஆறிவிடும். என்னைப்போல் இரவு இரண்டு மணிக்கு இருநூறு பக்கத்தை ஒரே மூச்சில் விழுங்க யாரும் அவர்களை அனுமதிக்கவில்லை.

‘பெட் செமட்டரி’யை மூடிய பிறகுதான் அது எழுதப்பட்ட கதையைத் தேடிப் படித்தேன். 1970-களின் இறுதியில் கிங் மேய்ன் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தியபோது, ஓரிங்டன் என்ற ஊரில் வாடகை வீட்டில் குடும்பத்தோடு இருந்தார். வீட்டு முன்னால் லோரிகள் பறக்கும் சாலை. அதில் அடிபட்டுச் செத்த நாய் பூனைகளைப் புதைக்க அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் ஓர் இடுகாடே வைத்திருந்தார்கள். கிங்கின் மகள் வளர்த்த பூனையும் அங்கேதான் புதைந்தது. ஒருநாள் அவருடைய சின்ன மகன் அந்தச் சாலையை நோக்கி ஓடினான். நல்லவேளை, பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தால் என்ற கேள்விதான் நாவலானது. எழுதி முடித்ததும், எல்லை மீறிப் போய்விட்டோம் என்று நினைத்து அதை வெளியிடாமல் ஒதுக்கி வைத்துவிட்டார். பிறகு டபுள்டே பதிப்பகத்துக்கு ஒப்பந்தப்படி ஒரு புத்தகம் பாக்கி இருந்ததால்தான் எடுத்துக் கொடுத்தார். உலகத்தையே பயமுறுத்திச் சம்பாதித்தவர், இந்த ஒன்றை மேசைக்குள் வைத்துப் பூட்டப் பார்த்திருக்கிறார். அதைப் படித்ததும் எனக்கு இருந்த வெட்கம் பாதி குறைந்தது.

மீதிப் பாதி குறையாததற்குக் காரணம் உண்டு. பாதியில் விட்டால் கதையும் அங்கேயே நின்றுவிடும் என்று எண்ணியிருந்தேன். அப்படி நிற்கவில்லை. எழுத்தாளர் என்ன முடிவு எழுதியிருந்தாலும் அது ஒன்றுதான். என் மனமோ இரவுக்கு ஒரு முடிவு எழுதியது. என் தோழி ஒருத்தி இதைத்தான் எச்சரித்தாள். “இருட்டான இடத்தில் புத்தகத்தை மூடினால் நீ அந்த இருட்டிலேயேதான் இருப்பாய். வெளியே வர வேண்டுமென்றால் கடைசிப் பக்கம்வரை நடக்க வேண்டும்” என்றாள். அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பல பேய்க்கதைகளுக்கு அது பொருந்தும். கடைசியில் விடியும், பேய் அடங்கும், நாமும் மூச்சு விடலாம். ஆனால், அவள் இந்த நாவலை முடித்தவள். “இதற்கும் அப்படித்தானா?” என்று கேட்டேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “இதற்கு இல்லை” என்றாள். முடிவைச் சொல்லட்டுமா என்றாள். வேண்டாம் என்றேன்.

அந்த வாரம் அத்தானிடம் வாசல் கொக்கியைப் பற்றிச் சொன்னேன். புத்தகத்தைப் பற்றிச் சொல்லவில்லை, பையன் திறக்கக் கற்றுக்கொண்டான் என்று மட்டும் சொன்னேன். சனிக்கிழமை வன்பொருள் கடைக்குப் போய் இரண்டாவது கொக்கி ஒன்று வாங்கிவந்து, அவன் கைக்கு எட்டாத உயரத்தில் மாட்டினார்.

பேய்க்கதையை நான் விடவில்லை. இடையில் புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’யைப் படித்தேன். ஒரே அமர்வில் முடிந்துவிடும் சிறுகதை. ஓர் எழுத்தாளர் வீட்டுக்குப் பிச்சை கேட்டு வரும் பெண்ணை அவர் மனைவி வேலைக்கு வைத்துக்கொள்கிறாள். அதன்பின் இரவுகள் சரியில்லை. அவள் யார், என்ன என்று கடைசிவரை உறுதியாகத் தெரியாது. முழுவதும் படித்தும் முடிக்காததுபோல் இருந்தது. எனக்கு அது பிடித்திருந்தது. தேர்வுக்கு வைத்திருக்கும் இலக்கிய நூலுக்கு மட்டும் இந்தச் சலுகையெல்லாம் கிடையாது, தம்பி தங்கைகளே. பேய் வந்தாலும் படித்துத்தான் ஆக வேண்டும்.

‘பெட் செமட்டரி’ இப்போது என் அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. பட்டம் விடும் பக்கத்தில் ஒரு பழைய பேருந்துச் சீட்டைச் செருகியிருக்கிறேன். அக்கா மகனுக்கு நான்கு வயதாகிவிட்டது. போன வாரம் நாற்காலிமேல் ஏறி அதை எடுத்துவிட்டான். அட்டையில் ஒரு பூனை முறைத்துக்கொண்டிருக்கும்.

“சித்தி, இந்தப் பூனைக்குப் பேரு என்ன?”

“சர்ச்.”

“அது என்ன பண்ணும்?”

“தூங்கும்” என்று சொல்லி, புத்தகத்தை வாங்கி மறுபடியும் மேலே வைத்தேன்.